நான்கு முறை இழுத்தாள்

மார்ச் 4

அப்பாவுக்கு,

நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். கீழ்வீட்டுத் தையற்கார அக்காதான் இதை உங்களுக்குப் படித்துக்காட்டுவார் என்று தெரியும். அக்கா, எதையும் விழுங்காமல் படியுங்கள். அவர் போதும் என்றாலும் நிறுத்த வேண்டாம்.

நலம் விசாரிக்க எழுதவில்லை. ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

இங்கே துறைமுகத்தில் உடுப்பு அறையில் வேலை பார்க்கிறேன். டைவர்கள் கழற்றிப் போடும் ரப்பர் உடுப்புகளை நல்ல தண்ணீரில் அலசி, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு, காயவைத்துக் கொடுக்க வேண்டும். தொட்டுப் பார்த்தே யார் கடலடியில் மண்டி போட்டார், யார் முழங்கையை ஊன்றினார் என்று சொல்லிவிடுவேன். சொல்லி என்ன? அவர்கள் இறங்குகிறார்கள். நான் அலசுகிறேன்.

போன மாதம் பாலம் கட்டுகிறவர்களின் மேற்பார்வையாளர் என்னை ஒரு முறை இறக்கிப் பார்த்தார். மேலே வந்ததும், "இவ்வளவு நிதானமான கையை நான் பார்த்ததில்லம்மா. நாளைக்கே வேலைக்கு வா" என்றார். மறுநாள் போனேன். முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளை நீட்டினார். நம் துறைமுக அலுவலகத்திலிருந்து வரவழைத்திருக்கிறார். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

"தேர்வின்போது மூன்றாவது போல்ட்டிலேயே பீதியடைந்து, தூக்கச் சொல்லிக் கயிற்றை நான்கு முறை இழுத்தாள். சாட்சி: கயிற்றுக்காரர். பெண்களை இந்த வேலைக்கு எடுப்பது உசிதமல்ல."

அந்த வரியை நீக்கினால் எனக்கு உரிமம் கிடைக்கும். ஏப்ரல் முடியும்வரை இடத்தைக் காலியாக வைத்திருப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். நீங்காவிட்டால், பழைய கப்பல்களைக் கடலடியில் வைத்தே உடைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் உரிமம் கேட்பதில்லை. வேறு எதையும் கேட்பதில்லை. எப்படியும் நான் இறங்கத்தான் போகிறேன். எந்த வழியாக என்பது உங்கள் கையில் இருக்கிறது.

நான் நான்கு முறை இழுக்கவில்லை. அன்று கயிற்றைப் பிடித்திருந்த உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும். அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள்.

மகள்


மார்ச் 19

மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. தையற்காரி தையல் மிஷினை நிறுத்திவிட்டு இரண்டு தடவை படித்தாள். ஒரு தடவை போதும் என்றுதான் சொன்னேன். நீ ஏவிவிட்டபடியே அவள் கேட்கவில்லை.

உன் அறை அப்படியேதான் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் ஒன்று போனது, அட்டை வைத்து அடைத்திருக்கிறேன். மாடிப்படிக் கைப்பிடியை மாற்றிவிட்டார்கள். இரும்புக் கைப்பிடி, காலையில் தொட்டால் பனிக்கட்டி போலிருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நாற்பது வருடமும் மூன்று மாதமும் நான் பிடித்த கயிறு ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. யார் இறங்கினான், என்ன காற்று, எத்தனை நிமிடம், எல்லாம் சொல்வேன். மேலேயிருந்து நான் ஒரு முறை இழுத்தால் "நல்லா இருக்கியா" என்று கேள்வி. கீழேயிருந்து ஒரு முறை வந்தால் "நல்லா இருக்கேன்". நான்கு வந்தால் "தூக்கு". நான்கு வந்த பிறகு யாரும் யாரையும் கேட்பதில்லை. ஏனென்றால் கயிற்றில் ஒரே ஒரு கைதான் இருக்கும். அந்தக் கைக்குத் தெரிந்தது மேலே தளத்தில் நிற்கிற வேறு ஒருவனுக்கும் தெரியாது. அதனால்தான் கயிற்றுக்காரன் சொன்னால் சொன்னதுதான். அவன் சொல்லைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் எந்த டைவரும் எவன் கையையும் நம்பி இறங்கமாட்டான்.

அன்றைக்கு அலை அதிகம். கயிறு வெட்டி வெட்டி இழுத்தது. என் கைக்கு நான்கு என்று பட்டது. பட்டதைச் சொன்னேன். எழுதினது எழுதினதுதான். இப்போது போய் மாற்றிச் சொன்னால், நாற்பது வருடம் நான் சொன்னதையெல்லாம் என்னவென்று நினைப்பார்கள்?

கப்பல் உடைக்கிற ஆட்களிடம் போகாதே. அவர்களுடைய காற்றுப் பம்பு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்துவிடு. இங்கே வேலையா கிடைக்காது?

அப்பா

(தையற்காரி எழுதுவது: "அலை அதிகம்" என்று சொல்லும்போது ஐயா என்னைப் பார்க்கவில்லை. கூடையிலிருந்த பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தார். நீ விழுங்காமல் படிக்கச் சொன்னாய். நானும் விழுங்காமல் எழுதுகிறேன்.)


ஏப்ரல் 2

அப்பாவுக்கு,

அன்றைக்கு அலையே இல்லை. எட்டு ஆள் ஆழத்திலும் என் நிழல் மண்ணில் விழுந்தது.

உங்கள் கைக்கு என்ன பட்டது என்று நான் சொல்கிறேன். பழைய தூணில் இரும்புத் தகடு ஒன்றைப் பத்து போல்ட் போட்டு முடுக்க வேண்டும். அதுதான் தேர்வு. முதல் மூன்றையும் முடுக்கினேன். நீங்கள் ஒரு முறை இழுத்துக் கேட்டீர்கள். ஒரு முறை இழுத்துப் பதில் சொன்னேன். நாலு, ஐந்து, ஆறு. மறுபடியும் கேட்டீர்கள். சொன்னேன். ஏழு முடிந்தது. எட்டாவதை எடுத்துத் துளையில் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பேன், இடுப்பில் கயிறு இறுகியது. ஒரு விநாடி, தகடு என்னை விட்டுக் கீழே போகிறது என்றே நினைத்தேன். பிறகுதான் நான் மேலே போவது தெரிந்தது. கையிலிருந்த ஸ்பானர் நழுவி விழுந்தது.

தளத்தில் தலைக்கவசத்தைக் கழற்றியதும் முதலில் காதில் விழுந்தது உங்கள் குரல். "நாலு இழுப்பு வந்துச்சு. தூக்கிட்டேன்." யாரோ, "மூணு போல்ட்டுகூட முடிஞ்சிருக்காது" என்று சிரித்தான். யாரோ, "விடுங்கப்பா, வயசுப் பொண்ணு, பயந்திருக்கும்" என்றான். அந்த இரக்கம் சுட்டதுதான் இன்னும் ஆறவில்லை.

கீழே போய்ப் பாருங்கள், ஏழு போல்ட் இருக்கும் என்று கெஞ்சினேன். கயிற்றுக்காரர் சொன்ன பிறகு போய்ப் பார்ப்பது அவரை அவமானப்படுத்துவது என்றார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள். வளையம் வளையமாக, அத்தனை அழகாக.

அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. அதன் பிறகு உங்கள் தளத்தில்தானே வளர்ந்தேன்? கயிறு பொய் சொல்லாது என்று நம்பி வளர்ந்தவள் நான்.

இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கிறது.

மகள்


மே 11

அம்மாடி,

நீ கொடுத்த நாள் தாண்டிவிட்டது, தெரியும். முழங்கால் வீங்கிப் படி இறங்க முடியவில்லை. அது உண்மைதான். ஆனால் வீக்கம் வடிந்தும் பத்து நாளாகிறது. அதுவும் உண்மை.

சரி, சொல்லிவிடுகிறேன். நான்கு வரவில்லை. ஒன்றுதான் வந்தது, கேட்டபோதெல்லாம் ஒன்று. நான் பயந்துபோய்த் தூக்கினேன். பெற்ற பெண் தண்ணீருக்கு அடியில் இருக்கும்போது எந்த அப்பனுக்குக் கை நடுங்காது? தூக்கின பிறகு ஏன் தூக்கினாய் என்று கேட்பார்களே. வாயில் நான்கு என்று வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்க முடியவில்லை.

இதை உன்னிடம் சொல்லிவிட்டேன். தையற்காரியும் கேட்டுவிட்டாள். இது போதாதா?

போன வாரம் ஒரு பெண் வந்தாள். நம் காற்றுப் பம்புக்காரரின் மகள். உனக்கு ஞாபகம் இருக்காது, நீ போகும்போது அவள் பள்ளிக்கூடம். இப்போது என்னைவிட உயரம். டைவர் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். அலுவலகத்தில் உன் பதிவை எடுத்து அவளுக்கே படித்துக்காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் காத்திருக்கிறார்களாம்.

மாடிப்படியில் நின்றபடியே கேட்டாள். "தாத்தா, அந்த அக்கா நெஜமாவே பயந்துட்டாங்களா? அவங்க என்ன தப்புப் பண்ணாங்கன்னு சொல்லுங்க. நான் அதைப் பண்ணாம இருந்துக்கறேன்."

"நேரமாச்சு, போம்மா" என்றேன். நேரமெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு என்ன வேலை இருக்கிறது நேரமாக?

அவள் போனதும் தையற்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, நான் தப்பா வெட்டிட்டுத் துணி சுருங்கிடுச்சுன்னு சொன்னா நீங்க சும்மா விடுவீங்களா?" என்றாள். எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இதை எழுதச் சொல்ல அவளிடம்தானே போக வேண்டியிருந்தது.

கொஞ்சம் பொறு. போவேன். நீ எங்கே இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. அந்த ஆட்களிடம் போகவில்லை என்று எழுது.

அப்பா


ஜூலை 20

அம்மாடி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஜூன் போய்விட்டது, ஜூலையும் பாதி போய்விட்டது. தபால்காரர் என்னைப் பார்த்தால் தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுகிறார்.

அலுவலகத்துக்குப் போனேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஜூலை ஏழாம் தேதி. உள்ளே நுழைந்தால் பழைய ஆள் ஒருவரும் இல்லை. என்னோடு வேலை பார்த்த டைவர் கொக்கி மட்டும் இருந்தான். நீ சின்ன வயதில் அவன் மூக்கைப் பார்த்து வைத்த பெயர்தான், இப்போது எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தலைமை அதிகாரி உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். "என் பொண்ணு நாலு இழுக்கல. நான் பொய் சொன்னேன். எழுதிக்குங்க."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, ஆதரவாகத்தான் சிரித்தார். "பெரியவரே, இந்த வயசுல மகளுக்காகப் பொய் சொல்ல வந்திருக்கீங்க. உங்க மனசு புரியுது. ஆனா உங்க பேர் என்ன பேர், அதைக் கெடுத்துக்காதீங்க. வீட்டுக்குப் போங்க" என்றார்.

பார்த்தாயா? பொய் சொன்னபோது ஒருவனும் ஏன் என்று கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போ என்கிறார்கள்.

நான் போகவில்லை. அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். இறங்கினது பத்து மணி இருபது. தெற்குக் காற்று, விசிறினாற்போல லேசாக. நான்காவது நிமிடம் முதல் போல்ட். ஒவ்வொரு போல்ட்டுக்கும் நீ ஸ்பானரை ஊன்றும்போது கயிறு இடது பக்கம் ஒரு விரல்கடை நகரும். ஏழு முறை நகர்ந்தது. அவர் பேனாவை மூடிவிட்டார். நான் நிறுத்தவில்லை. கடைசியில், "அந்தத் தகடு இன்னும் தூண்லதான் இருக்கு. மூணாவது போல்ட்டுல பயந்தாள்னு எழுதியிருக்கீங்க. ஆளை எறக்கிப் பாருங்க. ஏழு முடுக்கியிருக்கும். எட்டாவது ரெண்டு சுத்து ஏறியிருக்கும். இல்லன்னா என்னைக் கெழட்டுப் பொய்க்காரன்னு வெளிய தள்ளுங்க" என்றேன்.

கொக்கிதான் அதிகாரியைப் பார்த்து வாயைத் திறந்தான். "ஐயா, நானே எறங்கிப் பாத்துட்டு வர்றேன்."

மறுநாள் இறங்கினான். நான் தளத்தில் நின்றேன். கயிற்றைத் தொட என்னை விடவில்லை. மேலே வந்தவன் அதிகாரியிடம் போகவில்லை. நேரே என்னிடம் வந்து, "ஏழு இருக்கு. அந்த ஏழையும் என்னால அசைக்க முடியல. அவ்வளவு இறுக்கம்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அடப்பாவி" என்றான். நாற்பது வருடச் சிநேகிதம். அத்தோடு திரும்பிப் போய்விட்டான்.

வரியை நீக்கிவிட்டார்கள். உனக்குத் தனியாகக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். பம்புக்காரர் மகளுக்கும் தேர்வு நாள் குறித்தாகிவிட்டது.

கூடத்துப் பலகையில் கயிற்றுக்காரர்கள் பெயர் எழுதியிருக்குமே, அதில் என் பெயரின் மேல் வெள்ளை பூசிவிட்டார்கள். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. மேலிருந்து மூன்றாவது, முடிவில் ஒரு சுழி இருக்கும், அது நான் என்று தெரிந்துவைத்திருந்தேன். சுழி போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீ செத்துவிடுவாயோ என்று பயந்து தூக்கியதாகப் போன கடிதத்தில் சொன்னேன். கேட்க நன்றாக இருந்தது, அதனால் சொன்னேன். நடந்தது வேறு. ஏழாவது போல்ட்டின்போது கயிறு என் கையில் கனக்கவே இல்லை. எத்தனையோ பெரிய ஆட்களைப் பிடித்திருக்கிறேன். எல்லாரும் கொஞ்சமாவது கயிற்றில் தொங்குவார்கள். நீ தொங்கவில்லை. கீழே உனக்கு நான் வேண்டியிருக்கவில்லை. என் கைக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்ததும் இழுத்தேன்.

இதை எழுதி முடித்ததும் தையற்காரி, நான் கேட்காமலே, ஒரு தடவை திரும்பப் படித்துக்காட்டினாள். இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை.

ஒரு வரி எழுது.

அப்பா


ஆகஸ்ட் 9

அப்பாவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் அக்கா மன்னிக்க வேண்டும். படுத்துக்கொண்டு, தாளை மேலே தூக்கிப் பிடித்து எழுதுகிறேன்.

உங்கள் கடிதமும் அலுவலகக் கடிதமும் ஒரே நாளில் வந்தன. பதிவைத் திருத்திவிட்டதாகவும், வருந்துவதாகவும், செப்டம்பர் முதல் தேதி மறுதேர்வுக்கு வரலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். முத்திரை குத்தி, அழகான தாளில்.

மே மாதம் கப்பல் உடைக்கிறவர்களிடம் சேர்ந்துவிட்டேன். ஜூன் ஆறாம் தேதி, இருபது ஆள் ஆழம். பழைய கப்பலின் சுழல்விசிறி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சேறு கிளம்பியது. மேலே இருந்தவன் புதியவன், கயிற்றைப் பிடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. என்ன நினைத்தானோ, பயந்துபோய் ஒரே மூச்சில் தூக்கிவிட்டான். அந்த ஆழத்திலிருந்து நின்று நின்று வர வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேகமாக வந்தால் ரத்தத்தில் காற்று குமிழியிட்டு முதுகுத்தண்டில் அடைக்கும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அப்படி ஆகித் தூக்கிக்கொண்டு வந்த இரண்டு பேரை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இனித் தெரியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மே பதினொன்றாம் தேதி எழுதிய கடிதம் உடுப்பு அறையிலேயே கிடந்திருக்கிறது, அதை இந்தப் படுக்கையில்தான் படித்தேன். "கொஞ்சம் பொறு" என்று எழுதியிருந்தீர்கள்.

தூக்கியவன் வாரம் ஒரு தடவை வந்து வாசல்பக்கம் நின்று அழுதுவிட்டுப் போகிறான். அவனை நான் திட்டவில்லை. அவன் எனக்கு அப்பா இல்லை.

ஏழாவது போல்ட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை நிறையத் தடவை படித்தேன். பயந்தேன் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் எழுதியதற்கு நன்றி என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு, உங்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன்னால் நன்றாகத் தெரிந்திருந்தது.

பம்புக்காரர் மகளிடம் சொல்லுங்கள்: அந்த அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை. அவளுக்கு நீங்கள் கயிறு பிடிக்கக் கூடாது.

மகள்


ஆகஸ்ட் 20

அம்மாடி,

தையற்காரி பாதியில் நிறுத்திவிட்டாள். மீதியை அவள் புருஷன்தான் படித்தார்.

என்ன சொல்வது என்று இரண்டு நாள் அவளுடைய தையல் மிஷினுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். மார்ச்சிலேயே போயிருக்கலாம். அலுவலகம் நடந்து போகிற தூரம்தான்.

நேற்று முன்தினம் அந்தப் பெண்ணுக்குத் தேர்வு. நீ சொன்னதை அவளிடம் சொன்னேன். நான் செய்ததையும் சேர்த்துச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நீங்க தூரமா நில்லுங்க தாத்தா" என்றாள். கிரேனுக்குப் பின்னால் போய் நின்றேன். கொக்கி கயிறு பிடித்தான். பத்து போல்ட்டும் முடுக்கிவிட்டு, நேரம் மிச்சம் வைத்து, தானே மேலே வந்தாள். பம்புக்காரர் பம்பை விட்டு ஓடக் கூடாது, அங்கேயே நின்று அழுதார். தலைக்கவசத்தைக் கழற்றியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "பசிக்குது". எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நல்ல சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

நான் உன்னிடம் வருகிறேன். மூன்று ரயில் மாற வேண்டுமாம். எங்கே இறங்க வேண்டும், எங்கே ஏற வேண்டும் என்று தையற்காரி மூன்று துண்டுத் தாளில் எழுதி, சட்டைப் பையில் வரிசையாக வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். எடுத்து எடுத்துக் காட்டிக் கேட்டுக்கொண்டு வருவேன். செப்டம்பர் இரண்டாம் தேதி மதியத்துக்குள் வந்துவிடுவேன்.

என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றால் கதவைத் திறக்காதே. வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் பிடித்து வைக்க, துணி அலச, கடைக்குப் போய்வர உனக்கு ஆள் வேண்டும். அதெல்லாம் எனக்குத் தெரியும். நீ ஒன்றும் பேச வேண்டியதில்லை.

அப்பா


ஆகஸ்ட் 26

அப்பாவுக்கு,

மூன்றாவது ரயில் எப்போதும் தாமதம். அவசரப்பட்டு முந்தின நிலையத்தில் இறங்கிவிடாதீர்கள். சிவப்புத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தால் அடுத்தது இந்த ஊர். வெளியே வந்ததும் இடது கைப்பக்கம், ஆறாவது கட்டடம், தரைத்தளம், பச்சைக் கதவு.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வர வேண்டாம். அதைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை.

கதவைத் தட்டிவிட்டு நான் வந்து திறப்பேன் என்று நிற்காதீர்கள். அது தாழிட்டிருக்காது. கொஞ்சம் இறுக்கம், பலமாகத் தள்ள வேண்டும். தள்ளிக்கொண்டு உள்ளே வாருங்கள்.

மகள்